கேலிமுறைக்காரன் கொண்டுவந்த மண்

அந்தச் சேப்பங்கிழங்கை முதலில் சாப்பிடுங்கள், ஐயா. ஆறிவிட்டால் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். அப்புறம் ரைவோத்தே வீட்டுச் சாப்பாடு சரியில்லை என்று அதையும் உங்கள் அறிக்கையில் எழுதிவிடுவீர்கள்.

நீங்கள் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. ஏழு வருஷத்துக்கு முன்னால் உங்கள் நாட்டுப் போர்க்கப்பல் தேலாய் ஊரின்மேல் குண்டு போட்டதே, அன்று மொழிபெயர்த்ததில் பிழை ஏதும் நடந்ததா என்று. இல்லை. என் ஆங்கிலத்தைக் குறை சொல்லாதீர்கள். திமிங்கில வேட்டைக் கப்பலில் ஆறு வருஷம் கொழுப்பு காய்ச்சிக்கொண்டே கற்றது. வசவும் நன்றாக வரும், ஜெபமும் நன்றாக வரும். நடுவில்தான் கொஞ்சம் ஓட்டை.

நான் நாவத்து ஊர்த் தலைவர் ராத்து வங்கபதாவின் வாய். பெரிய தலைவர்கள் சபையில் தாங்களே பேசமாட்டார்கள். அவர் இருமினால்கூட அதற்குப் பொருள் சொல்லவேண்டியவன் நான்தான். விரிகுடாவின் எதிர்க்கரையில் தேலாய். அதன் தலைவர் ராத்து ரவுலோ. மீன்பிடி பாறைக்காக இரண்டு ஊருக்கும் பழைய பகை. பகையைவிடப் பழையது கேலிமுறை. எங்கள் ஆதி தெய்வங்கள் இரண்டும் அண்ணன் தம்பி. அதனால் ஒரு தேலாய்க்காரன் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். என் பன்றியை அவிழ்த்துக்கொண்டு போகலாம். நான் சிரிக்க வேண்டும். ரவுலோ தலைவன், நான் வெறும் வாய். ஆனாலும் எங்களுக்குள் வாடா போடாதான். போரில் ஒருவன் மண்டையை ஒருவன் பிளக்கலாம், கேலிக்கு மட்டும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவனை எங்கள் பக்கம் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் கோபப்பட்டதே இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே மகன், வுலா. பதினாறு வயதில் சிப்பி எடுக்க முங்கினான். வெளியே வந்தது உடம்புதான். துக்கத்துக்குத் தேலாய் மொத்தமும் வந்தது. துக்க வீட்டைச் சிரிக்க வைப்பது கேலிமுறைக்காரனின் கடமை. ரவுலோ தலைமாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பையன் முகத்தையே பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“டேய் ரைவோத்தே, அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கான்டா. கடலே உள்ள பூந்து வருது, அப்பவும் வாயை மூடத் தெரியல பாரு.”

வீடே சிரித்தது. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத என் மனைவி பாய்க்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்து, சிரித்தபடியே அழுது, பிறகு எழுந்து இரண்டு வாய் கிழங்கு தின்றாள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பதிலுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாய் என்று பெயர் வாங்கியவனுக்கு அன்று ஒரு சொல் கிடைக்கவில்லை.

ரவுலோ பத்து நாள் என்னோடு இருந்தான். தன் கையால் எனக்கு ஊட்டிவிட்டான். நல்ல மனிதன், அதை நான் மறுக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்துக் கப்பல் வந்தது. தேலாய்க் கரையில் கடலட்டை உலர்த்த ஒரு வெள்ளைக்காரன் கொட்டகை போட்டிருந்தான். அவன் அடுப்பிலிருந்தே தீப்பிடித்து எரிந்துபோனது. தேலாய்க்காரர்கள் கொளுத்திவிட்டார்கள் என்று எங்கோ போய் அழுதிருக்கிறான். அடுப்பை யாரும் விசாரிக்கவில்லை. ஊரை விசாரிக்கப் பீரங்கியோடு வந்தார்கள்.

எங்கள் தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மொழிபெயர்க்க என்னைக் கப்பலுக்கு அனுப்பும்போது சொன்னார்: “ரவுலோ மண்ணோட வருவான். கேப்டன வாங்கிக்க வை. ஒரு வெடி இல்லாம தேலாய் நம்ம காலடிக்கு வந்துடும். கோமாளித்தனம் எதுவும் பண்ணி வைக்காத.”

உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது.

ரவுலோ வந்தான். வேறு ஆளை அனுப்பவில்லை. ஒற்றைப் படகில், தன் ஊர் மண்ணை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு, தானே வந்தான். மேல்தளத்தில் மண்டியிட்டுக் கூடையைக் கேப்டன் காலடியில் வைத்தான். நிலம் உன்னுடையது, உயிரை மட்டும் விட்டுவிடு என்று அதற்குப் பொருள். அதற்குமேல் பணிவு எங்களிடம் இருப்பில் கிடையாது. தேய்த்துக் கழுவிய பலகையில் மண் சிந்தியதைத்தான் கேப்டன் பார்த்தார்.

என்னைக் கண்டதும் ரவுலோவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்பாடா, நீயா! இந்தக் கேப்டன் மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குடா. டேய் வாய், இன்னிக்கு ஒருநாளாவது ஒழுங்காப் பேசித் தொலை” என்று சொல்லிச் சிரித்தான். பயம் வந்தால் சிரிக்கிற ஜாதி அவன்.

“என்ன சொல்றான்? எதுக்கு இளிக்கிறான்?” என்றார் கேப்டன்.

“உங்களப் பொதைக்க மண்ணு கொண்டாந்திருக்கானாம், ஐயா. பத்தலைன்னா இன்னும் தர்றானாம்” என்றேன்.

மண்டியிட்டிருப்பவன் மிரட்டுவானா என்று அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதற்கு என் வாய் தேவையில்லை, அவர் கண்ணே போதும். ஆனால் அவ்வளவு தூரம் பீரங்கியைச் சுமந்து வந்தவருக்கு நான் சொன்ன பதில்தான் வேண்டியிருந்தது. முகம் சிவந்தார். இருந்தாலும் கனவான். “ஒரு மணி நேரம் தர்றேன். பொண்டு பிள்ளைங்களக் காட்டுப் பக்கம் அனுப்பிடச் சொல்லு” என்றார்.

நான் ரவுலோவிடம் திரும்பினேன்.

“ஏத்துக்கிட்டார்டா. பொண்டு பிள்ளைங்க உட்பட ஒருத்தர் விடாம கரையில வரிசையா உக்கார வை. விருந்துக்கு வர்றாராம்.”

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “உன் வாய்க்குக் கரும்புதான்டா போடணும்” என்றான்.

உட்கார்ந்தார்கள். கதாயுதங்களை வீட்டுக்குள் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து, சம்மணம் போட்டு, வரிசை வரிசையாக. முன்வரிசையில் கிழங்கும் ஆமைக்கறியுமாகப் பெண்பிள்ளைகள். கேப்டன் தூரக்கண்ணாடியில் பார்த்து, “போர் அணிவகுப்பு” என்றார். நான் திருத்தவில்லை. முதல் குண்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. மரியாதை வேட்டு என்று நினைத்திருப்பார்கள். மண்ணை ஏற்றவர் பேசும்வரை எழுவது முறையும் இல்லை. இரண்டாவது குண்டுக்குத்தான் எழுந்தார்கள், எழ முடிந்தவர்கள்.

நாற்பத்தொரு பேர்.

அதன்பிறகு கேப்டன் ஒரு தாளில் எங்கள் தலைவரை இரு கரைக்கும் ராஜா என்று எழுதிக் கொடுத்தார். மறு வருஷமே உங்கள் கொடி வந்து இரு கரையையும் எடுத்துக்கொண்டது. கேப்டனுக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு சுருள் புகையிலை. இப்போது நீங்கள் வந்து, நாட்டான் ஒருவன் தப்பாக மொழிபெயர்த்துவிட்டான் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறீர்கள். முடியாது, ஐயா. என் மொழிபெயர்ப்பில் பிழையே கிடையாது. அவன் சொன்னதும் எனக்குத் தெரியும், இவர் சொன்னதும் தெரியும். இரண்டையும் மாற்றிச் சொன்னேன். தலைவருக்காகச் செய்தேன் என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னதோ வேறு. அது கேலிக்குக் கேலி, அவ்வளவுதான். நான்கு வருஷமாக என் தொண்டையில் நின்ற பதில்.

மூன்றாம் நாள் துக்கத்துக்குப் போனேன். கேலிமுறைக்காரன் போகாமல் இருக்கலாமா? வழி விட்டார்கள். ரவுலோ பிழைத்திருந்தான். மடியில் அவன் மகள் செனிபுவாவின் உடல், ஒன்பது வயது, மரப்பட்டை மசித் துணியில் சுற்றியிருந்தது. ஒன்றும் தெரியாமல் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தான். வீடு முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது, பாவம். சொன்னேன்.

“டேய் ரவுலோ, உங்க ஊர் மண்ணப் பூராத்தையும் வெள்ளைக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே, இதுகளப் பொதைக்க மிச்சம் ஏதாவது வெச்சிருக்கியா?”

நல்ல கேலி. வேறு வீடாக இருந்தால் கூரை அதிர்ந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. ரவுலோ நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குக் கப்பலில் நான் செய்த கணக்குப் புரிந்திருக்க வேண்டும். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவள் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தான்.

கோபப்பட்டான், ஐயா. கேலிமுறைக்காரன் துக்க வீட்டில் சொன்ன ஒரு பேச்சுக்குக் கோபப்பட்டான். முறையை மீறியது யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.