மூணு மணிச் சங்கு

...மூஞ்சி காட்டவா புள்ளையப் பால்வாடிக்கு அனுப்புதோம், நீங்களே சொல்லுங்கக்கா. டாக்டரு வர நேரமிருக்கு, இப்பிடித் தள்ளி ஒக்காருங்க.

அந்தச் சந்தனம் டீச்சரு இருக்காகளே, தேங்காச் செரட்டையில சுண்ணாம்ப வச்சு மூஞ்சி வரைஞ்சு வச்சிருக்காக. ஒண்ணு சிரிக்கும், ஒண்ணு அழுவும், ஒண்ணு கோவம், ஒண்ணு பயம். புள்ளைக உள்ள போனதும், இன்னிக்கு எம் மனசு இதுன்னு ஒண்ண எடுத்துக் காட்டணுமாம். மனசாம். நாலு வயசுல. எனக்கே சோறு வடிச்சு எறக்குன பொறவுதான் மனசுன்னு ஒண்ணு இருக்கது ஞாபகம் வருது. சின்ன வயசுல மம்சாபுரத்துல நமக்கு யாரு செரட்டை காட்டுனா? அழுதா முதுகுல ஒண்ணு. சிரிச்சா, எதுக்குச் சிரிக்கன்னு இன்னொண்ணு. வளரலையா?

இந்தா மடியில கெடக்காளே நூர்பானு, அழுகையே தெரியாத புள்ளன்னு தெருவுல பேரு. எல்லாம் என் கைங்கரியந்தான். இவ அத்தா மில்லுக்குப் போறாகள்ல, அந்த மில்லுச் சங்கு அழுவுற ஆளுகளத்தான் கூப்புடுதுன்னு சொல்லி வச்சேன். ஒரே வாரம், வாயி மூடிருச்சு. பக்கத்து வீட்டு மாரியாத்தா கூட எங்கிட்டக் கேட்டுட்டுப் போயி அவ மவனுக்குச் சொன்னான்னா பாத்துக்கோங்க.

டீச்சரு என்னடான்னா, இவ தெனமும் பயச் செரட்டையத்தான் எடுக்கா, அத காதோட வச்சு அமுக்கிக்கிட்டே இருக்காங்காக. வெளையாடுதா டீச்சர்னு சிரிச்சிட்டு வந்துட்டேன். வேற சோலி இல்ல பாருங்க அவுகளுக்கு...

நேத்து தலை சீவுதேன், காதுல சீழு வடியுது. எப்பருந்துட்டி வலிக்குன்னா, வெள்ளிக்கெழமைலருந்தாம். நேத்து செவ்வாய். ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா அழுக வந்துரும்மா"ங்கா. பொறவு கேக்கா, "அத்தா எதுக்கும்மா அழுதாக? தெனமும் சங்கு கூட்டிட்டுப் போகுதே."



அந்தா, ஊதுதான் பாருங்க மூணு மணிச் சங்கு. எப்பிடிப் பல்லக் கடிச்சிக்கிட்டு முந்தானைக்குள்ள போறா. ஏட்டி பானு, அது ஷிப்டு மாத்துத சங்குட்டி. அம்மா சொன்னது பொய்யி. வலிச்சா அழு தாயி, ஊரு கேக்க அழு... ம்ஹூம்.

யக்கா, டாக்டரு வந்தாச்சு, ஒங்க சீட்டக் கூப்புடுதாக. போகும்போது நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அழுவலாம்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா.