நாலாவது படத்துக்கு ஒரு வாக்கு

எனக்குப் பீடி, சிகரெட், சூது ஒன்றும் கிடையாது, இன்ஸ்பெக்டர் சேர். பாட்டு ஒன்றுதான் என்னிடமிருந்த கெட்ட பழக்கம். அதையும் கெட்ட பழக்கம் என்றவர் பள்ளிவாசல் லெப்பை. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பதினாறு வருடம் இந்த ஊர்த் தபாலை என் சைக்கிளில்தான் கொண்டுபோனேன். மாரியில் முழங்கால் வெள்ளத்தில் இறங்கி நடந்தும் கொடுத்திருக்கிறேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

இயக்குநர் கோதண்டமும் இசையமைப்பாளர் சுந்தரவேலும் சேர்ந்து ஏழு படம் செய்தார்கள். படங்கள் கல்முனைக்கு வந்து சேர வருடக்கணக்காகும். பாட்டுகள் வானொலியில் முந்திக்கொண்டு வந்துவிடும். அதனால் படத்தைப் பாராமலே பாட்டைப் பற்றி அடிபடுவது எங்கள் வழக்கம். இடம், சந்தியிலுள்ள அழகரெத்தினத்தின் தையல் கடை. அவர் பெரியநீலாவணை ஆள். தையல் மெசினுக்கு மேல் தட்டில் ஒரு ரேடியோ வைத்திருந்தார். படங்களின் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. முதலாவது, இரண்டாவது என்று இலக்கம்தான். எந்தப் படத்தின் பாட்டுகள் சிறந்தவை என்ற சண்டை வடிகட்டி வடிகட்டி, கடைசியில் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் வந்து நின்றது. நான் நாலு. ஜவுபர் இரண்டு.

ஜவுபரும் நானும் ஓதப்பள்ளியிலிருந்தே கூட்டாளிகள். வீட்டில் இரண்டு தறி போட்டுச் சாரம் நெய்கிறவன். அவனுக்கும் றபீக்காவுக்கும் ஒரே மகள், றாஹிலா, எட்டு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. கொழும்பில் டொக்டர்மார் பார்த்துவிட்டு, “ஒப்பரேசனுக்குத் திகதி வைத்ததும் கடிதம் போடுவோம், அதுவரை வீணாக அலைய வேண்டாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் வந்திருக்கிறீர்கள்.

நான் நாலாவதைச் சொன்னது மனம்போன போக்கில் அல்ல. அதில் ஐந்து பாட்டு. ஐந்தும் கதையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். தோணிப் பாட்டில் சரணத்துக்கு முன்னால் வாத்தியம் எல்லாம் நின்று, துடுப்புச் சத்தம் மட்டும் வரும். இசையமைப்பாளரை நம்பி இயக்குநர் ஒதுங்கி நின்ற இடம் அது. இரண்டாவது படத்தில் தாலாட்டு நல்ல பாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கழற்றி எந்தப் படத்தில் மாட்டினாலும் பொருந்தும். இதை நான் விளக்கமாகச் சொன்னபோது ஜவுபர் என்ன சொன்னான் தெரியுமா?

“நாலாவதுப் பாட்டப் போட்டுட்டு நெய்தா நூல் அறுந்திரும் மச்சான். ரெண்டாவது அப்பிடியில்ல, தறியே கூடப் பாடும். நீ கடிதாசி குடுக்கிற ஆள், உனக்கு இது எங்க விளங்கப்போகுது?”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அழகரெத்தினம் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாதவன் சிரித்தால் தெரிந்தவனுக்கு என்ன குறை?

எண்பத்திரண்டு ஜனவரியில் வானொலியில் ஒரு அறிவிப்பு வந்தது. அந்த இரட்டையரின் ஏழு படங்களில் எதன் பாட்டுகள் சிறந்தவை என்று நேயர்கள் அஞ்சலட்டையில் எழுத வேண்டும். மார்ச் கடைசியில் முடிவு. எங்கள் பக்கத்தில் அஞ்சலட்டை எழுதுவதென்றால் அதன் அடியில் வீட்டிலுள்ளவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போடுவார்கள். அறிவிப்பாளர் வாசிக்கும்போது தங்கள் பெயர் காற்றில் வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. முதல் ஞாயிறே ஜவுபரின் அட்டையை வாசித்தார்கள். “ஜவுபர், றபீக்கா, றாஹிலா” என்று அறிவிப்பாளர் தேன் தடவிச் சொன்னார். மறுநாள் ஊரே இரண்டாவது படத்துக்கு அட்டை எழுதத் தொடங்கியது.

தபால் பெட்டியைத் திறப்பவன் நான். முத்திரை குத்துபவன் நான். சப் போஸ்ட்மாஸ்டர் பூபாலசிங்கத்தாருக்குக் கண் மங்கல்; கட்டிய சாக்கைப் பார்த்துக் கையெழுத்து வைப்பதோடு அவருடைய வேலை சரி. அவர்மேல் பிழையில்லை. அந்தக் கிழமை நாற்பத்துமூன்று அட்டை. முப்பத்தொன்று இரண்டாவதுக்கு. அதில் பாதிப்பேர் அந்தப் பாட்டுகளை ஒழுங்காகக் கேட்டதுகூட இல்லை. ஒருவன் சொன்னான் என்பதற்காக எழுதிய அட்டை வாக்காகுமா, சேர்? நான் அவற்றை ஒதுக்கி வைத்தேன். கிழிக்கவில்லை. வீட்டில் மாவுச் சாக்கில் அடுக்கி வைத்தேன். நீங்கள் அங்கேதான் கண்டெடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு தன் பெயர் வராததால் ஜவுபருக்குச் சந்தேகம் தட்டியது. “நம்மட அட்டையெல்லாம் போய்ச் சேருதில்லையோ?” என்று என்னையே கேட்டான். “கொழும்பில மலைபோலக் குவிஞ்சு கிடக்காம்,” என்றேன். அவன் வானொலி நிலையத்துக்குத் தனியாக முறைப்பாட்டுக் கடிதம் எழுதினான். அதையும் எடுத்தேன். அங்கிருந்து அவனுக்கு ஏதும் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால், அன்றிலிருந்து அவனுக்கு வரும் கடிதங்களை முதலில் நான் பார்த்தேன். ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

பெப்ரவரி இருபத்துநாலு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. மார்ச் பதினைந்தாம் திகதி காலையில் பிள்ளையை வாட்டில் சேர்க்க வேண்டும், தவறினால் இடம் அடுத்த நோயாளிக்குப் போகும் என்று எழுதியிருந்தது. நான் வாசித்தேன். சேட் பையில் வைத்தேன். கொடுக்கக்கூடாது என்று நான் நினைக்கவேயில்லை. ஜவுபர் ஒரு சொல் சொல்லட்டும், அன்றைக்கே கொடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். “நாலுதான்” என்ற ஒரு சொல். பத்தொன்பது நாள் இருந்தது. ஒரு சொல்லுக்குப் பத்தொன்பது நாள் போதாதா?

அவன் தினமும் படலைக்கு வந்து நிற்பான்.

“மச்சான், இண்டைக்கும் இல்லையா?”

“இல்ல மச்சான். வந்தா நான் வெச்சிருப்பனா?”

“புள்ளட சொண்டு நீலம் பத்துது. றபீக்கா அழுதுட்டே இருக்கா.”

“அல்லாஹ் காவல். அது கிடக்கட்டும், நாலாவது படத்தப் பத்தி யோசிச்சியா?”

“எனக்கு இப்ப ஒரு பாட்டும் காதில ஏறுதில்ல, முனாப்,” என்றான்.

இது பதிலா? கேட்டதற்கு நழுவுகிற ஆளிடம் வேறெப்படி நடந்துகொள்வது? கல்லில் நார் உரிக்கிறவனைப்போல நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அழகரெத்தினம்கூட ஒருநாள் சொன்னார். “ஜவுபர், நாலுதான் எண்டு சொல்லிப்போட்டுப் போவன். இவன்ட ஆக்கினை தாங்கேலாமக் கிடக்கு.” அவருக்குக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. ஜவுபர் எழுந்து போய்விட்டான்.

பதினைந்தாம் திகதி வந்தது, போனது. திகதி போன கடிதத்தைக் கொடுத்து என்ன பிரயோசனம்? வீணாக மனவருத்தம். அதனால் சாக்கில் போட்டேன். மார்ச் கடைசியில் வானொலி முடிவு சொன்னது. நாலாவது படம், இரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில். நான் எடுத்து வைத்தது எல்லாமாக இருநூறு அட்டைகூட வராது. அத்தனையும் போயிருந்தாலும் நாலுதான் வென்றிருக்கும். ஆகவே நான் எதையும் மாற்றவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். நாடு முழுவதும் காது உள்ளவர்கள் என் பக்கம்தான் நின்றார்கள்.

மே மாதம் றாஹிலா மௌத்தானாள். ஒரு ஜும்ஆ நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சந்தூக்கில் பாரமேயில்லை. முன் பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன். ஜவுபர் என் தோளில் சாய்ந்து, “கொழும்பான் எங்கள மறந்திட்டான் மச்சான்,” என்று அழுதான். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கும். சைக்கிள் மணியை அடிக்க விடுவேன்.

ஓகஸ்டில் அவன் கொழும்புக்குப் போய் ஆஸ்பத்திரியில் சண்டை பிடித்திருக்கிறான். அவர்கள் கடிதம் அனுப்பிய பதிவைக் காட்டியிருக்கிறார்கள். பிறகு நீங்கள் வந்தீர்கள். ஊரில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்களாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. என் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். ஒரு சரியான கருத்துக்காகக் கடைசிவரை நின்றவன் நான். ஜவுபர் பிடிவாதக்காரன். ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் பிள்ளை இன்றைக்கு இருக்கும். அவன் வாயால் கெட்டது அது.

இப்போது நீங்கள் ஒரு அட்டையை என் முன்னால் தள்ளி வைக்கிறீர்கள். மார்ச் பத்தாம் திகதி போட்டது. ஓம், ஜவுபரின் கையெழுத்துத்தான். வாசிக்கச் சொல்கிறீர்கள். வாசிக்கத் தேவையில்லை, எனக்குப் பாடம்.

“இரண்டாவது படம் என்று வாதாடியவன் நான். என் மகள் படுக்கையில் நாலாவது படத்துத் தோணிப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அதைக் கேட்டால் அவளுக்கு மூச்சு லேசாக வருகிறது. அவள்தான் சரி. என் வாக்கை நாலாவதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜவுபர், றபீக்கா, றாஹிலா.”

அன்றைக்கே வாசித்தேனா என்று கேட்கிறீர்கள். ஓம், அன்றைக்கே. பெட்டி திறந்த கையோடு. கடிதம் அப்போதும் என் சேட் பையில்தான் இருந்தது. கொழும்பு பஸ்ஸில் ஏற ஐந்து நாள் இருந்தது. அதுவும் தெரியும்.

ஆனால் யார் சொல்லித் திருந்தினேன் என்று அவன் எழுதியிருப்பதைப் பாருங்கள். மகளாம். மூன்று வருடமாகத் தொண்டைத் தண்ணி வற்றக் கதைத்தது யார்? கீழே பாருங்கள், சேர். இன்னும் ஒரு பெயர் எழுத இடமிருக்கிறது.