நாச்சம்மாள் தோட்டத்துச் சிவப்புக் குழாய்

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர், அன்பே உருவான ஆறுமுகசாமி ஐயா அவர்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த முரளிதரனின் வணக்கம். பந்தல் என் கடைப் பந்தல், மைக்கும் என் கடை மைக். ஆகவே துண்டுச்சீட்டு அனுப்பி என்னை உட்கார வைக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

தமிழர் நாம் பிழைக்க வந்த இந்தக் கன்னட ஊரில், நாம் கூடியிருக்கும் இந்த விஜயநகர் ஓரத்து நர்சரி யாருடையது? ஹனூரிலிருந்து வந்த நாச்சம்மாள் அக்காவுடையது. சித்தாளாய்ச் சிமெண்டுச் சட்டி சுமந்தவர், சிறுகச் சிறுகச் சேர்த்துச் செடி வைத்தார். மல்லிகை மலர்ந்தது, மனம் குளிர்ந்தது. பிறகு மழை பொய்த்தது, போர்வெல் வற்றியது. குடிநீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று உத்தரவும் வந்தது. செடி மட்டுமா வாடியது? அக்காவின் முகமும் வாடியது. தோட்டம் போனால் மறுபடியும் சிமெண்டுச் சட்டிதான் கதி.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது: ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தருகிறோம், தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம். பின்வரிசையில் ஒருவர் மூக்கைப் பிடிக்கிறார். பொறுங்கள் ஐயா, குழாயை இன்னும் திறக்கவே இல்லை.

அக்கா விண்ணப்பித்தார். நிபந்தனை என்ன? தனிக் குழாய் போட வேண்டும், சிவப்புச் சாயம் பூச வேண்டும், ‘இது குடிநீர் அல்ல’ என்று பலகை மாட்ட வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும். எல்லாம் செய்தார். ஆனால் அதிகாரி வருகிற நாள் நல்ல நாளாயிற்றே, சும்மா இருப்பாரா? குழாய்க்கு மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், பலகைக்கு மாலை போட்டார், முன்னால் ஒரு சொம்பு வைத்துச் சூடமும் ஏற்றினார். சாயம் மஞ்சளில் மறைந்தது, எச்சரிக்கை மாலையில் மறைந்தது!

வந்தார் இன்ஜினியர் பசவராஜ். பார்த்தார், பதறினார். நீங்கள் இதைத் தீர்த்தமாய்க் குடித்துவிடுவீர்கள், இணைப்புத் தர முடியாது என்று ஜீப்பை நோக்கித் திரும்பிவிட்டார். அக்கா அழுதாரா? அஞ்சினாரா? வழியை மறித்துக் கேட்டார்.

“ஏனுங்க சார், ஆயுத பூசைக்கு உங்க ஜீப்புக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் ஒடச்சீங்கல்ல? அப்பறம் ஜீப்பைக் கடிச்சா தின்னீங்க?”

சிரித்துவிட்டார் மனிதர். மஞ்சளைத் துடைத்து மாலையை எடுத்துவிட்டால் போதும் என்றார். ஆனால் பக்கத்து வீட்டார் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்றார். அக்கா மெல்ல மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பசம்மா, நாற்றம் வரும், நோய் வரும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். மதில்மேல் கையூன்றி அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த அவர், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். உங்கள் வீட்டில் குளித்து வெளியே விடும் தண்ணீரும் சேர்த்துத்தான் அம்மா, நாற்றம் போக்கித் தருகிறோம் என்றார் இன்ஜினியர். பசம்மா கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“அப்போ நான் குளிச்ச தண்ணியும் அதுல இருக்கு. என் தண்ணி அவ செடிக்குப் போறதை நானே தடுக்கறதா? பேனாவைக் கொடுங்க.”

கேட்டீர்களா தாய்மார்களே? ஆற்று நீர் என்றால் உனதா எனதா என்று கேட்கிற காலம் இது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வி கலவரமாகி, தமிழ் பேசவே பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, மறக்குமா? இந்தக் குழாய்த் தண்ணீரை யார் பிரிப்பார்? தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் முதுகு கழுவியதும் இதில் உண்டு, பென்ஷன்காரர் வேட்டி அலசியதும் உண்டு. கன்னடம் பேசிக்கொண்டே குளித்தது எது? தமிழில் பாடிக்கொண்டே குளித்தது எது? எந்த இன்ஜினியர் வந்து எடுத்துக் காட்டுவார்? எல்லாரும் சேர்ந்துதான் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றப் போகிறோம்.

ஆகவே தோட்டம் வைத்திருப்போர், வீடு கட்டுவோர் நாளைக்கே விண்ணப்பியுங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, இரு மொழிக்கும் என் வணக்கம். திறப்பு விழாவுக்குத் தலைவர் ஐயா கையில் கத்தரிக்கோல் தந்திருக்கிறார்கள். ஐயா, அதைக் கீழே வையுங்கள். நாச்சம்மாள் அக்கா, பசம்மா அக்கா, இரண்டு பேரும் வந்து குழாயைத் திருகுங்கள்.