நீலாம்பரி ஓடிக்கொண்டிருந்தபோது

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீணை கேட்டால் யாருக்கும் கொஞ்சம் கண் சொருகத்தான் செய்யும். அதில் யார்மேலும் தப்பில்லை. இங்கிருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதி.

ஆண்டோ, உங்கள் திண்டிவனம் மேசையில் எனக்கு ஒரு நாற்காலி கேட்டேன். விழுப்புரத்தில் என்ன நடந்தது என்று எழுதித் தந்தால் யோசிக்கலாம் என்றீர்கள். எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும். வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

என் ஜெராக்ஸ் கடை மாடியில் 2009 முதல் ஞாயிறுதோறும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்தக் கதை ஆட்டத்தை ஆடினோம். கதையை நான் சொல்லி நடத்துவேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரனாகப் பேசுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; எண் பெரிதானால் வெட்டும் பெரிது. ஜூட் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தான். கிருஷ்ணவேணி கணக்கு டீச்சர். தேவநாதன் கெடாரில் மல்லாட்டை போடுகிறவன். அவித்த வேர்க்கடலைக் காய் ஒரு பை இல்லாமல் வரமாட்டான்.

பின்னணி இசை என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். எனக்குச் சங்கீத ஞானம் சிடி உறை அளவுக்குத்தான். உறையில் ராகத்தின் பெயர் இருந்தால் தெரியும். உறை கிழிந்திருந்தால் தெரியாது. முதல் டிராகன் வந்தபோது நாதஸ்வரம் போட்டேன். தேவநாதன் வாளை உருவாமல் பந்தி எப்போது என்று கேட்டான். பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா படியேறி வந்து, கல்யாணத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

பிறகு தேறினேன். சண்டைக்குத் தனித் தவில். காட்டுக்குப் புல்லாங்குழல். வீரர்கள் சத்திரத்தில் தங்கிக் காயம் ஆற உறங்கும்போது வீணையில் நீலாம்பரி. தாலாட்டு ராகம் என்று உறையில் போட்டிருந்தது. நீலாம்பரி ஓடும்வரை யாருக்கும் எதுவும் நேராது. இதை நான் விதியாகச் சொன்னதில்லை; மூன்று வருடத்தில் அவர்களே கற்றுக்கொண்டார்கள். வீணை கேட்டதும் டீச்சர் சுவரில் சாய்ந்துகொள்வார். தேவநாதன் காய் உரிக்க ஆரம்பிப்பான்.

2012இல் ஜூடுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் அவன் மல்லாட்டைத் தோலை ஊதிக்கொண்டே சொன்னான்: "அண்ணா, அங்க ஆண்டோன்னு ஒருத்தர் இதே ஆட்டம் நடத்துறாராம். இரும்பூரானையும் இட்டுக்கினு வரச் சொல்லிக்கிறாரு."

இரும்பூரான் அவனுடைய வீரன். ஒரு கண்ணையும் இரண்டு குதிரைகளையும் என் கதையில் இழந்தவன்.

நான் சந்தோஷம் என்றேன். நியாயமாக யோசியுங்கள். ஒரு மேசையில் வளர்ந்தவனை இன்னொரு மேசைக்குத் தூக்கிப்போவது முறையில்லை. தவிர, நீங்கள் சண்டைக்கு சினிமா பாட்டு போடுவதாகக் கேள்விப்பட்டேன். அவனை அப்படியோர் இடத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை.

பதினோரு நாள் தயார் செய்தேன். கதையில் ஒரு சத்திரம் கட்டினேன். சமைக்க ஒரு கிழவியை வைத்தேன். அவளுக்கு ஒரு கத்தி கொடுத்தேன்.

கடைசி ஞாயிறு டீச்சர் பால்கோவா வாங்கி வந்தார். வீரர்கள் காயத்தோடு சத்திரத்துக்குள் நுழைந்தார்கள். நான் நீலாம்பரி போட்டேன். காவலுக்கு யாராவது நிற்கிறீர்களா என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"எதுக்குண்ணா காவலு?" என்றான் ஜூட். "நீலாம்பரி ஓடுது. கவசத்தக் கழட்டிட்டுப் படுத்துடறேன்."

கிழவி வந்தாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினேன். இருபது என்றேன். கவசம் இல்லாத கழுத்துக்கு இருபது ரொம்ப அதிகம்.

"யோவ் சவுரி, இன்னாய்யா இது," என்றான் தேவநாதன் என்னைப் பார்த்து, பாதி உரித்த காயோடு. டீச்சர் பகடையைக் காட்டச் சொன்னார்; அதற்குள் எடுத்துவிட்டிருந்தேன். ஜூட் என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்தான்.

"நீலாம்பரி ஓடிக்கினுதானே இருந்துச்சு," என்றான்.

அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்த மறந்துவிட்டேன்.

அதன்பிறகு மாடிக்கு யாரும் வரவில்லை. டீச்சருக்கு ஞாயிறும் டியூஷன் வந்துவிட்டது. தேவநாதனுக்கு எந்தப் பட்டத்திலும் சேராத ஒரு விதைப்பு வந்துவிட்டது.

போன மாதம் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் ஜூடின் மனைவி பவுலினைப் பார்த்தேன், கைக்குழந்தையோடு. "பாப்பா தூங்கறதுக்கு போன்ல வீணை போட்டா, இவரு எழுந்து போயி கதவு தாப்பா போட்டுக்குதான்னு பாக்குறாருண்ணா. இன்னா பழக்கமோ தெரியல," என்றாள். நான் அவள் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டேன். என்னால் முடிந்தது.

உங்கள் மேசையில் ஜூடின் புது வீரன் தூங்கும்போதும் கவசத்தைக் கழற்றுவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அன்று விழுந்தது நான்கு. கிழவியின் கத்தி தலையணையில் இறங்கியிருக்க வேண்டும். இரும்பூரான் எழுந்து, கவசத்தை மாட்டி, உங்கள் ஊருக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும். அவன் இல்லையென்றால் ஜூட் உங்களிடம் ஆட மாட்டான், ஞாயிறானால் இங்கேயே வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதை ஜூட் இருக்கும்போதே வாசியுங்கள். சேர்த்துக்கொண்டால் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். கதையைத் தொடமாட்டேன், பகடையைத் தொடமாட்டேன். திருந்திவிட்டேன். ஸ்பீக்கரை மட்டும் நானே கொண்டுவருகிறேன். எங்கே எது ஓட வேண்டும் என்று ஒரு பட்டியலும் இத்துடன் இருக்கிறது. பயப்பட வேண்டாம், நீலாம்பரி இரண்டே இடத்தில்தான் வருகிறது.