எட்டுச் செலவன்று பொரித்த கத்தரிக்காய்

அவைக்குத் தலைமை தாங்கும் என் உடன்பிறந்த மூத்தவர் மார்க்கண்டு அண்ணை அவர்களே! முன்வரிசைக்கு மாண்பு சேர்க்கும் பெரியோர்களே! அடுப்படியை ஆளும் அன்னையரே! வடை எப்போது வரும் என்று வாசலைப் பார்த்திருக்கும் இளையோரே! குடும்பநல உத்தியோகத்தர் உதயகலாவின் பணிவான வணக்கம்.

கொழுப்பைக் குறைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசிப் பேசியே இருபத்தொரு ஆண்டுகள் போயின. கோப்பாயில் நான் சைக்கிள் மிதிக்காத ஒழுங்கை உண்டா? "எண்ணெயைக் குறையுங்கோ, தேங்காய்ப்பாலைக் குறையுங்கோ" என்று சொல்லாத வாசல் உண்டா? கேட்ட காது எத்தனை? குறைத்த கை எத்தனை? ஊரை விடுங்கள், என் தம்பி வாகீசன் கேட்டானா?

இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டிக் கெஞ்சினேன். கத்தரிக்காயைப் பொரிக்காமல் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்தான். "அக்கா, உது வருத்தக்காரருக்கு வைக்கிற கறி. நாளைக்குத் தொடங்குவம்" என்றான். நாளை, நாளை என்றே நாற்பத்து நான்கு வயதுவரை வந்தான். ஒரு காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவன் கிணற்றடியிலேயே சரிந்தான்.

இனித்தான் என் வெட்கத்தைச் சொல்லப்போகிறேன். செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டுமல்லவா? தம்பி மனைவி குணலட்சுமி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அழுதாள். "மச்சாள், என்னாலை ஏலாது. நீங்கள் பொரியுங்கோ."

பொரித்தேன்! வடை பொரித்தேன், மீன் பொரித்தேன், அவன் கேட்ட கத்தரிக்காயைப் பொன்னிறமாகப் பொரித்தேன்! உயிரோடு இருந்தவனுக்கு மறுத்த கை, படத்துக்கு முன்னால் அள்ளி அள்ளி வைத்தது. படம் தின்னுமா? தின்றவர்கள் நாங்கள்! பின்னால் யார் சிரிப்பது? சிரியுங்கோ தங்கச்சி, நானும்தான் சாப்பிட்டேன்.

அன்று இரண்டாம் முறை கத்தரிக்காய் கேட்டு வாங்கியவர், இதோ, இந்தத் தலைவர். போன கிழமை அவருடைய பரிசோதனைத் தாளையும் பார்த்தேன். தம்பியின் தாளைவிட மோசம். ஓம் அண்ணை, சபையிலைதான் சொல்லுறன். வீட்டிலை சொல்லிக் களைச்சுப் போனன்.

பெரியோர்களே, ஊர் திருந்தும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பேச்சுக்குச் சட்டி இறங்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரு கெஞ்சல்தான். அண்ணை, உங்களுக்கு முன்னாலை இருக்கிற உந்த வடைத்தட்டைத் தள்ளி வையுங்கோ. உங்கடை எட்டுக்கும் நின்று பொரிக்க என்னாலை ஏலாது!

செவி தந்த சபைக்கு நன்றி. கைதட்ட வேண்டாம். அண்ணை அந்தத் தட்டைத் தள்ளுகிறாரா என்று மட்டும் பாருங்கள். வணக்கம்.