நூற்று அறுபத்திரண்டாவது தடவை

எதையும் சட்டென்று தூக்கிப்போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் வீட்டு பிரஷர் குக்கருக்கு இருபத்திரண்டு வயது.

நீங்கள் போலீஸ்காரர், எங்கள் மருந்துத் தொழிற்சாலை வேலையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஆள் உயரக் கண்ணாடிக் குழாய். உள்ளே ரவையைவிடப் பொடியான வெள்ளை மணிகள். கலங்கல் கரைசலை மேலே விட்டால், மணிகள் மருந்துப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும், சந்தைக் கூட்டத்தில் தன் பிள்ளையின் கையை மட்டும் எட்டிப் பிடிக்கிற தாயைப் போல. மற்றதெல்லாம் கீழே ஓடிவிடும். பிறகு லேசான அமிலம் விட்டால் பிடி தளர்ந்து மருந்து இறங்கும். பார்க்க அழகாக இருக்கும்.

ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் காரக் கரைசலால் கழுவ வேண்டும். உள்ளே தங்கிய கிருமி நஞ்சு அதில்தான் அழியும். ஆனால் காரம் மணிகளின் பிடிப்பையும் அரிக்கும். மற்றவர்களின் மணிகள் நூறு தடவையில் ஓய்ந்துவிடும். என்னுடையவை நூற்று அறுபதைத் தாண்டின. மேலாளர் எல்லார் முன்னாலும் என்னைக் கைராசிக்காரி என்றார். ராசியெல்லாம் இல்லை. நான் காரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவினேன்.

எதையும் குனிந்து உற்றுப் பார்க்கிற எங்கள் பரிசோதகரை ‘பூதக்கண்ணாடி’ என்போம். ஒருநாள் வந்து நின்றார்.

"அக்கா, போன மாசம் மருந்து ஏத்துன நாலஞ்சு பேருக்குக் குளிர்காய்ச்சலாம். காரம் விட்டீங்கல்ல?"

"விடாம? என்னையே குனிஞ்சு பாக்குறியா நீ?"

"சும்மா கேட்டேன்க்கா. இன்னிக்கு இறக்குனதுல சாம்பிள் குடுங்க."

பக்கத்துப் புதுக் குழாயிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பரிசோதனையில் தேறியது. என் குழாய்க்கு அது நூற்று அறுபத்திரண்டாவது தடவை.

அந்தத் தடவை என் குழாயில் இறங்கிய மருந்துதான் என் தங்கை கணவருக்கும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அக்கா, இவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. இது நீ இறக்குன மருந்துதானே?"

"ஆமாடி."

"அடுத்த பாட்டில் போடலாமான்னு நர்ஸ் கேக்குறாங்க."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"போடச் சொல்லு," என்றேன்.

இறந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அவர் ஒன்பதாவது.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அந்தக் குழாயைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போகிறீர்களாம். தயவுசெய்து காயவிட்டுவிடாதீர்கள். மணிகள் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. காரத்தில் ஒரே ஒரு தடவை கழுவினால் போதும்.