முப்பத்திரண்டு வீடும் இருநூறு யூனிட்டும்

— முப்பத்திரண்டு வீட்டுலயும் மாசம் இருநூறு யூனிட்டுன்னா எப்படி சேச்சி? ஒரு வீட்டுலயாவது நூத்தித் தொண்ணூறு வரக்கூடாதா?

— அதுக்கு நான் என்ன செய்ய, ரஜிதா மோளே. இந்தத் தெருவுல எல்லாரும் துணி தேய்க்கிறவுங்க. ஒரே வேல, ஒரே கரண்டு.

— கரண்டுலயா தேய்க்கிறீங்க?

— பின்னே? அந்தா இருக்கே பெட்டி.

— அதுக்கு வயரே இல்லையே, காளியம்மை சேச்சி.

— வயரு ரிப்பேருக்குப் போயிருக்கு. சாயா குடிக்கியா?

— சாயா அப்புறம். அந்த ஹோட்டல் பெட்ஷீட்டுக்கு அடியில என்ன மூட்டை?

— அழுக்குத் துணி.

— வெள்ளை ஷீட்டுல அஞ்சு விரலும் கருப்பாப் பதிஞ்சிருக்கு, கேட்டோ.

— சரி, கரிதான். எழுது. எழுதிட்டு எங்கள மட்டாஞ்சேரிய விட்டே கெளப்பு. இப்படித்தான் முன்னால ஒருத்தன் நோட்டோட வந்து ரோட்டோரத் தட்டுக்கடையெல்லாம் எண்ணிட்டுப் போனான். அடுத்த மாசம் ஒரு கடை மிச்சமில்ல. அதான் வீடு வீடா ஏறி எறங்கினேன். கரின்னு வாயத் தொறக்காதீங்க, கேட்டா இருநூறுன்னு சொல்லுங்கன்னு.

— யாரையும் கெளப்புறதுக்கா நான் திருப்பூணித்துறைலேருந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்? கரண்டு, கேஸ், டீசல், கரி, இந்த ஊரு எரிக்கிறதுல எவ்வளவு கார்பன் மேல போகுதுன்னு தெருத் தெருவா அளக்குறோம். அதிகமாப் போற தெருவுக்குத்தான் முதல்ல கேஸ் தேய்ப்புப்பெட்டி, கூரையில சோலார். உங்க தெரு இப்ப லிஸ்ட்ல கடைசி. ஊர்லயே சுத்தமான தெரு.

— கடைசியா?

— இன்னிக்கு அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிடும்.

— அப்ப எழுது பிள்ளே. வீட்டுக்கு வாரம் பத்து மூட்டை.

— சேச்சி.

— பன்னெண்டு போடு.

— கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உள்ளதச் சொல்லுங்க.

— ரெண்டு மூட்டை. இருபது கிலோ மூட்டை. மழைக்குத் துணி காயாதுல்லா, அப்ப மூணு.

— ரெண்டுன்னே வைங்க, மாசம் நூத்தி அறுபது கிலோ. மேல போற கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட நானூத்தி எம்பது கிலோ.

— வாங்குறது நூத்தி அறுபது, போறது நானூத்தி எம்பதா? உன் தராசு கோளாறு.

— எரியும்போது காத்துலேருந்து ஆக்சிஜனும் கூடச் சேருதில்லே. எடை ஏறும்.

— அட கடவுளே, அதுக்கு நடுவுலயா இத்தன வருஷம் நின்னேன்.

— மத்த வீட்டுக்காரங்களும் வரணும். அவங்கவங்க வாயால சொல்லணும்.

— கூட்டிட்டு வாறேன். பொய் சொல்லச் சொன்னவ நான், மாத்திச் சொல்லுங்கன்னும் நானே சொல்லுதேன். வெக்கமாத்தான் இருக்கு, பரவால்ல. ஆனா ஒண்ணு. போன வாரம் எழுதிட்டுப் போனவ திரும்பி வந்திருக்க. யாரோ காட்டிக் குடுத்திருக்கா.

— ஆமா, ஒருத்தர் ஆபீசுக்கு வந்து சொன்னாங்க.

— பின்தெருப் பேச்சியம்மாதான, எனக்குப் பின்வீடு. கார்ப்பரேஷன்ல தெரு கூட்டுறவ, ஆபீஸ் வழி நல்லாத் தெரியும். என் கரிப்புகை அவ வீட்டுக்குள்ள போகுதுன்னு சண்ட போட்டா. ஒரு வருஷமாச்சு, மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. எங்கள ஒழிச்சாத்தான் அவளுக்கு நிம்மதி. என்ன சொன்னா?

— எழுதி வெச்சிருக்கேன். எனக்குத் தமிழ் எழுத வராது, அவங்க சொன்னபடியே மலையாள எழுத்துல இருக்கு. வாசிக்கட்டா?

— வாசி. கேட்டுத் தொலைக்கேன்.

— ‘அந்தத் தெருவுல எல்லாம் பொய் சொல்லியிருக்காங்க. திரும்பப் போங்க, முதல்ல காளியம்மை வீட்டுக்குப் போங்க. ராத்திரி பூரா அவ இருமுதா, எனக்கு உறக்கமில்ல. இருமல் நின்னாலும் உறக்கமில்ல, எந்திரிச்சுப் போயி மூச்சு இருக்கான்னு அவ ஜன்னல்ல காது வெச்சிட்டு வாறேன்.’